சொறி என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் கல்லாதாரும் நாளாந்தம் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'சொறி' என்பதும் ஒன்று. பஸ் வண்டியில் நம் காலை மிதித்தவர் அதனைச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வார். தமிழில் எழுதுங்கால் அது சிரங்கை நினைவூட்டுவது சொல்லின் குற்றமன்று. தமிழ்நாட்டார் 'சாரி' என எழுதுவர். நம்மவர்க்கு அது சேலையாகிவிடும்.

இச்சொல்லுக்கு மன்னிப்பு வேண்டுதலே பொருள் என மாணாக்கர் பலர் கொண்டுள்ளனர். அது பின்வந்த பொருள். நோவைக் குறிக்கும் 'சோர்' என்னும் பழஞ்சொல்லின் வழியிற் பிறந்தது இது. துயரைக் குறிக்கும் 'சொறோ' இதற்கு உடன்பிறப்பு என்று எண்ணத் தோன்றும், அன்று. ஒலியும் பொருளும் நெருங்கியமையால் வந்த உறவே அது. ஆகவே, 'என் மனம் நோகின்றது' என்பதே இதன் முதற் கருத்து.

இழவு வீட்டுக்கு வந்த ஆங்கிலேயர் 'ஐ ஆம் சொறி' என்பார். 'உங்கள்மேல் என்ன பிழை?' என்று நாம் விடையிறுத்தால் அவர் திகைப்பார். 'தாங் யூ' என்பதே தக்க மறுமொழி. வினாவாக ஒலித்தால், 'கூறியது கேட்கவில்லை, மீண்டும் கூறுக' என்பது பொருள். பெயர்க்கு முன் அடையாய் வருமிடத்து இரங்கத்தக்க நிலையைச் சுட்டும். அதிற் சிறிது இகழ்ச்சியும் கலந்திருத்தல் கூடும்.

வருத்தமா, குற்றத்தை ஏற்பதா என்னும் இம்மயக்கம் நீதிமன்றத்தையும் தொட்டது. நோயாளியின் உறவினரிடம் இச்சொல்லைக் கூறினால் அதுவே வழக்கிற் சான்றாகுமோ என வைத்தியர்கள் அஞ்சினர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006இல் சட்டமியற்றி, அவ்வாறு கூறுதல் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது என விதித்தது. வாய்விட்டு வருந்துவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது!

அவுஸ்திரேலியாவிலோ இச்சொல்லுக்காக ஒரு மக்கட்கூட்டமே காத்திருந்தது. ஆதிக்குடிகளுக்கு இழைத்த அநீதி குறித்து 1999இல் பிரதமர் ஜோன் ஹவார்ட் கொணர்ந்த பிரேரணை 'ஆழ்ந்த வருத்தம்' என்றதேயன்றி, 'சொறி' என்னவில்லை. தாயரிடமிருந்து பறித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை முன்னிட்டுப் பிரதமர் கெவின் ரட் 2008 பெப்ரவரி 13இல் பாராளுமன்றத்தில் அதனைக் கூறியபோது கேட்டிருந்தோர் பலர் அழுதனர். அக்குடிகள் பேசும் ஆங்கிலத்தில் 'சொறி பிஸ்னஸ்' என்பது இறந்தார்க்குச் செய்யும் துக்கச் சடங்கின் பெயர்.