மழுங்கடிக்கிறது நோயா, மாத்திரையா?

"மனநல மாத்திரை மூளையை மழுங்கடிச்சிடும், உடனே நிறுத்துங்க"ன்னு ஒரு பார்வர்டு வாட்ஸப்ல சுத்துது. கடுப்புலதான் எழுதுறேன். கடுப்பு அந்த பார்வர்டு மேல மட்டுமில்ல, எங்க டாக்டர்கள் மேலயும்தான்.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியான்னா காதுல குரல் கேட்குறது, சந்தேகப்படுறது மட்டுமில்லங்க. கவனம், ஞாபகம், யோசிக்கிற வேகம் எல்லாமே அடி வாங்கும். இளவயசுலயே அறிவு மங்குற நோய்ங்கிற அர்த்தத்துலதான் கிரேப்பலின் 1890கள்ல இதுக்குப் பேரே வச்சார். குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது 1952ல. அதுக்கு முன்னாடி மழுங்கடிச்சது எந்த மாத்திரை?

ஆனா "அது நோய்மா, மருந்து இல்ல"ன்னு அடுத்த டோக்கனைக் கூப்பிடுற டாக்டரையும் நான் ஏத்துக்க மாட்டேன். இந்த மாத்திரைகள்ல பெரும்பாலானவை மூளையில டோபமின் டி2 ஏற்பிகளை அடைக்குது. சுமார் 65 சதவீதம் அடைஞ்சாலே பலருக்குக் குணம் தெரியும். 80ஐத் தாண்டினா பலன் பெருசா கூடாது. விறைப்பு, கைநடுக்கம், மந்தம்தான் கூடும்.

அந்த நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில்னு இன்னொரு மாத்திரை எழுதுவோம். வில்லங்கமே இங்கதான். அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும். ஞாபகசக்திக்கு வேண்டிய ரசாயனம் அது! கொஞ்ச நாளைக்குன்னு எழுதினதை வருஷக்கணக்கா அப்படியே காப்பியடிச்சுக் கொடுக்குறோம்.

போட்டித் தேர்வுக்குப் படிச்ச ஒரு தம்பி. "சார், பக்கத்தைத் திருப்பினா முந்தின பக்கம் மறந்துடுது"ன்னான். அவங்கம்மா நீட்டின சீட்டுல 4 வருஷமா ஒரே டோஸ், கூடவே இதுவும். நடுக்கம் இப்ப இருக்கான்னு யாருமே கேட்கல. ரெண்டையும் கொஞ்சங்கொஞ்சமா, மாசக்கணக்குல குறைச்சோம். பழைய ஆளா ஆயிட்டான்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மதியம் தூங்கி வழியுறது நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறான்.

இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். 2012ல லான்செட்ல 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. மருந்தை நிறுத்தி போலி மாத்திரை கொடுத்தவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள நோய் திரும்புச்சு. தொடர்ந்தவங்கள்ல 27. ஒவ்வொரு தடவை நோய் திரும்பும்போதும் படிப்பும் வேலையும்தான் முதல்ல போகும்.

அடுத்த தடவை போறப்ப பழைய சீட்டெல்லாம் எடுத்துட்டுப் போங்க. "நடுக்க மாத்திரை இன்னும் வேணுமா? மெயின் மாத்திரை டோஸைக் குறைக்க முடியுமா?"ன்னு கேளுங்க. டாக்டர் முறைச்சா முறைக்கட்டும்.