நாய்க்கு ஊசி உண்டு, உழைப்பாளிக்கு?

சீமாட்டியின் நாவிலே சாக்லெட்டாகக் கரைகிறதே கோகோ, அது பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்திலே கூலிக்காரன் கையால் பறிக்கப்படுவது. அந்தக் கையைத்தான் மணல் ஈ கடிக்கிறது. கொசுவைவிடச் சிறிய பூச்சி! கடித்துச் சில வாரம் கழித்து ஒரு பரு, பரு உடைந்தால் குழிப்புண், மாதக்கணக்கில் ஆறாது. சிலருக்குப் பின்னாளில் மூக்கையும் அண்ணத்தையும் அரித்துவிடும். லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியின் வேலை இது. இந்தத் தோல்நோய் உலகிலே ஆண்டுதோறும் 6 லட்சம் முதல் 10 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறதென்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

எங்கோ பிரேசில், நமக்கென்ன என்கிறீர்களா, தோழர்களே? இதே குடும்பத்தைச் சேர்ந்த காலா அசார் கிருமியை 1903-ல் கண்டறிந்த இருவரிலே ஒருவரான டாக்டர் டொனோவன், நம் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். கிருமியைக் கண்டு 120 ஆண்டு கடந்தது. மனிதனுக்குத் தடுப்பூசி வந்ததா? வரவில்லை!

உடல் கைகட்டி நிற்கிறதோ? இல்லை. கிருமியை விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே கிருமி குடியேறிவிடுகிறது. திருடன் காவலர் வீட்டிலேயே படுத்துக்கொண்ட கதை! ஆனால் அந்த அணு, கிருமியின் புரதத் துணுக்கை வெளிப்புறத்தில் எடுத்துக் காட்டுகிறது. ஆன்டிஜென் என்பது இதுதான். அதைக் கண்டு அடையாளம் தெரிந்துகொள்வது டி அணு. உடனே இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கிறது. தூங்கிக் கிடந்த காவலர் விழித்து, உள்ளே கிடப்பவனைக் கொல்கிறார். 1926-ல் பிரேசிலின் மான்டெனெக்ரோ, கொன்ற கிருமியின் சாற்றை முன்கையில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று நாளில் அவ்விடம் தடித்தால், அந்த உடலின் டி அணுக்களுக்குக் கிருமி பழகிய முகம் என்று பொருள்.

பாகியா ஆய்வாளர்கள் கண்டது இன்னும் விந்தை. நோயாளியின் இரத்த அணுக்களோடு கிருமியின் ஆன்டிஜெனைச் சேர்த்தால் இன்டர்ஃபெரான் கொட்டுகிறது. ஆனாலும் புண் ஆறவில்லை. புண்ணைத் தோண்டினால் கிருமியோ கொஞ்சம்! அதே ஊரில், அதே ஈயிடம் கடிபட்டும் புண் வராதவர்களின் அணுக்கள் அதைவிடக் குறைவாகவே சுரக்கின்றன. அளவு மீறிய படை, எதிரியோடு சேர்த்துச் சொந்த வீட்டையும் கொளுத்துகிறது. புண்ணிலே பாதி நம் படை வைத்த தீ! ஆகவே, படையைத் தட்டி எழுப்பினால் போதாது. அளவோடு நடத்தவும் வேண்டும். ஊசி செய்வது எளிதல்ல என்பது நமக்கும் தெரியும்.

எளிதல்ல என்றால், முடியாததா? வெனிசுவேலாவின் டாக்டர் கான்விட், கொன்ற கிருமியோடு பி.சி.ஜி.யைக் கலந்து நோயாளிகளுக்கே போட்டார். 1987-ல் முடிவு வெளிவந்தது: நூற்றுக்கு 94 பேர் குணம். ஆண்டிமனி மருந்து ஏற்றவர்களிலும் அதே 94; ஆனால் பக்கத் தொல்லை அவர்களுக்கே மிக அதிகம். இது வந்த நோயைத் தீர்க்கும் ஊசி. வராமல் தடுக்க, கொன்ற கிருமியை 1990-களில் ஈரானில் போட்டுப் பார்த்தபோது பலன் ஏமாற்றியது. சரி, தோற்றால் மறுபடி முயல்வதுதானே அறிவியல்? முயல்வதற்குப் பணம் யார் கொடுத்தார்?

நாய்க்குக் கொடுத்தார்கள்! ஆம், தோழர்களே, நாய்களைத் தாக்கும் லீஷ்மேனியாவுக்கு 2011-ல் ஐரோப்பாவிலே தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஊசியும் டி அணுக்களைத் தூண்டித்தான் வேலை செய்கிறது. நாயின்மீது நமக்குப் பகையில்லை. நன்றியுள்ள பிராணி, நலமாக வாழட்டும். நாயின் எசமானனிடம் பணமிருக்கிறது, கோகோ பறிப்பவனிடம் இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். 2020-ல் கொரோனா வந்தது. மாளிகை, குடிசை பார்க்காமல் நுழைந்தது. ஓராண்டுக்குள் ஊசியும் வந்தது. அரசுகள் கருவூலத்தைத் திறந்தன, அறிவு ஓடி வந்து நின்றது. குடிசையை மட்டும் தேடிப்போகும் நோய்க்கு அந்தக் கருவூலத்தின் சாவி ஏன் தொலைந்துபோகிறது? கம்பெனிக்காரர் லாபம் பார்ப்பார், அது அவர் தொழில். அரசுமா பார்ப்பது? நோய் உள்ள நாடுகளின் அரசுகள் கூடிப் பணம் போட்டு, பொது ஆய்வுக்கூடங்களில் இந்த ஊசியைச் செய்தாக வேண்டும் என்கிறோம்.

அதுவரை பாகியாவின் கூலியாள் நம்பியிருப்பது, காஸ்பர் வியன்னா 1912-ல் தொடங்கிவைத்த ஆண்டிமனி வைத்தியத்தைத்தான். இருபது நாள், நாளுக்கொரு ஊசி. இதயத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. அந்த இருபது நாளும் அவனுக்குக் கூலி கிடையாது.