நம் கையால்: பழைய காரில் ஒயில் ஒழுகினால்



சென்ற இதழில் பற்றரியைப் பராமரிப்பது பற்றிப் பார்த்தோம். பழைய கார் வைத்திருக்கும் சிலர், "காலையில் முற்றத்தில் ஒயில் துளி கிடக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார்கள். இம்முறை அதைப் பார்ப்போம்.

எங்கள் பக்கத்தில் இன்றும் ஓடும் பழைய கார்களில் மொறிஸ் மைனர் முக்கியமானது. இது 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956 முதல் 948 சீசீ எஞ்சினும், 1962 முதல் 1098 சீசீ எஞ்சினும் பூட்டப்பட்டன. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோது, துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடியவை இந்தக் கார்கள்தான். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அப்படியும் உழைத்துத் தந்த எஞ்சின்கள் இவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கினாலும், புதிய வாகனத்தின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்தி.

எங்கள் வீட்டில் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். என் கணவர் வாடகைக்கு ஓட்டியது. 2007இல் அவர் காணாமற்போனபின், விற்றுவிடு என்று பலர் சொன்னார்கள். நான் விற்கவில்லை, ஓட்டப் பழகினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கிளினிக்குக்குப் போகும் வயதானவர்களையும் ஏற்றி இறக்கித்தான் என் இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தேன். ஒருநாள் ஒயில் ஒழுகத் தொடங்கியபோது ஒரு கராச்சில் காட்டினேன். அவர்கள் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் முழுக்க இறக்க வேணும்" என்று என் இரண்டு மாத உழைப்புக்குச் சமமான தொகையைச் சொன்னார்கள். எங்கே ஒழுகுது என்று காட்டுங்கோ என்றேன். காட்டவில்லை. காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பக்கத்து வளவில் ஒரு வயதான மெக்கானிக் ஐயா இருந்தார். கை நடுக்கத்தால் அவர் வேலையை விட்டுப் பல வருடம். கதிரையில் இருந்துகொண்டே எனக்குச் சொல்லித் தந்தார். "பிள்ளை, எண்ணெய் எப்பவும் கீழுக்குத்தான் வரும். துளி விழுற இடத்தைப் பாராதை, மேல பார்." அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் துளி என்னவென்று பாருங்கள்

இரவில் காரின் கீழே ஒரு மட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் கறுப்பு அல்லது மண்ணிறத் துளி இருந்தால் அது எஞ்சின் ஒயில். தடிப்பாகவும் கடும் மணமாகவும் இருந்தால் கியர் பொக்ஸ் அல்லது பின் அச்சு எண்ணெயாக இருக்கலாம். சாரதி இருக்கும் இடத்துக்குக் கீழே அல்லது சில்லின் உட்பக்கம் மெல்லிய எண்ணெய் கண்டால் அது பிறேக் எண்ணெய். அப்படியானால் காரை எடுக்கவே வேண்டாம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தல்

எஞ்சின் நன்றாக ஆறியபின், பழைய தூரிகையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு வெளிப்புறத்தைக் கழுவுங்கள். பிறகு சவர்க்கார நீரால் துடைத்துக் காயவிடுங்கள். சூடான எஞ்சினில் மண்ணெண்ணெய் படக்கூடாது, தீப்பிடிக்கும். காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பவுடர் நனைந்த இடங்களில் ஆக மேலே இருப்பதும் ஆக முன்னே இருப்பதும்தான் ஒழுக்கின் தொடக்கம். காற்றாடியின் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளுவதால், பின்னால் நனைந்த இடம் உங்களை ஏமாற்றும்.

எஞ்சின் ஓடும்போது காற்றாடிப் பட்டிக்கு அருகே சேலைத் தலைப்பு, சால்வை, நீண்ட பின்னல் எதுவும் தொங்கக்கூடாது. கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கமாக ஒழுகும் இடங்கள் இவை:

1. எஞ்சினின் உச்சியில் உள்ள ரொக்கர் கவர்.
2. கார்பரேற்றர் பக்கத்தில், புகைக் குழாய்க்குக் கீழே உள்ள இரண்டு சிறிய பக்க மூடிகள்.
3. ஒயில் பில்டர் கிண்ணத்தின் றப்பர் வளையம்.
4. சம்பின் அடி ஆணியில் உள்ள செப்பு வோஷர்.
5. முன்பக்கத்தில் பெரிய புலிக்குப் பின்னால் உள்ள சீல்.
6. எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடம்.

முதல் நான்கையும் வீட்டில் செய்யலாம். கடைசி இரண்டும் கராச் வேலை. ஆனால் ஆறாவது இடத்தில் சொட்டுச் சொட்டாக வருவது இந்த எஞ்சினின் இயல்பு. பின்பக்கத் தண்டில் றப்பர் சீலே இல்லை, ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டுத்தான் இருக்கிறது. ஒழுக்கு அதிகமாகி கிளச் வழுக்கினால் மட்டும் யோசியுங்கள்.

என் காரில் ஒழுகியது ரொக்கர் கவர்தான். தக்கைப் பாக்கிங் காய்ந்து கல்லாகிப்போயிருந்தது.

பாக்கிங் மாற்றும் முறை

ஆறிய எஞ்சினில் மேலே உள்ள இரண்டு நட்டுகளையும் கழற்றுங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டையால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். திருப்புளியை இடையில் விட்டு நெம்பினால் விளிம்பு வளையும். பழைய தக்கையைச் சுரண்டும்போது துணுக்குகள் எஞ்சினுக்குள் விழாதபடி துளைகளைச் சுத்தமான சீலைத்துண்டால் மூடுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துண்டை எடுக்க மறக்கவேண்டாம்.

கவரை ஒரு கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஆடினால், வளைந்த இடத்தை மரத்தில் வைத்துத் தட்டி நேராக்குங்கள். புதிய பாக்கிங்கைக் கவரின் பக்கத்தில் மட்டும் மெல்லிய பசையால் ஒட்டுங்கள். எஞ்சின் பக்கம் ஒரு பூச்சு கிறீஸ் போதும், அடுத்த முறை இலகுவாகக் கழரும். நட்டுகளுக்குக் கீழே உள்ள றப்பர்களையும் மாற்றுங்கள். நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். றப்பர் கொஞ்சம் அமுங்கியதும் நிறுத்துங்கள். ஒழுக்கு நிற்க வேண்டும் என்று பலங்கொண்டு இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் கூடுதலாக ஒழுகும். பக்க மூடிகளுக்கும் இதே விதிதான்.

மூச்சுக்குழாய்

பாக்கிங் மாற்றியும் ஒழுகினால், எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவி இதனால்தான் வெளியேறுகிறது. பக்க மூடியிலிருந்து கீழே இறங்கும் குழாய் அடைபட்டால், உள்ளே அமுக்கம் கூடி, ஒயிலை எல்லா இடுக்குகளாலும் தள்ளும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

அடுத்து, எஞ்சின் சூடாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. அப்போதுதான் எஞ்சின் இறக்கும் பேச்சுக்கு இடமுண்டு. இதைத் தெரிந்து வைத்திருந்தால் எந்தக் கராச்சிலும் உங்களை யாரும் மிரட்ட முடியாது.

கவனிக்க வேண்டியவை

காரின் கீழே போவதென்றால் ஜக்கை மட்டும் நம்பக்கூடாது. சீமெந்துக் கல்லும் நொருங்கும். தடித்த மரக்குற்றி அல்லது இரும்புத் தாங்கி வைத்து, சில்லுகளுக்கும் கட்டை கொடுங்கள்.

பழைய ஒயில் தோலுக்குக் கெடுதி. நெடுங்காலம் தொடர்ந்து பட்டால் தோல் புற்றுநோய்கூட வரலாம். கையுறை போடுங்கள், உடனே சவர்க்காரத்தால் கழுவுங்கள். அதை வளவில் ஊற்றவே வேண்டாம். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல், ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 காலத்தில் எவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது என்பது நினைவிருக்கும். கானில் சேர்த்து, பழைய ஒயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஒவ்வொரு காலையும் மட்டமான நிலத்தில் காரை நிறுத்தி, ஒயில் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். ஒழுக்கு கூடுகிறதா குறைகிறதா என்பதை அந்தக் கணக்குக் காட்டும். ஓடும்போது ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வீடு கிட்டத்தான் என்று ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

ஒரு தக்கைப் பாக்கிங், இரண்டு றப்பர், ஒரு பின்னேரம். எனக்கு இவ்வளவுதான் செலவானது. மிச்சப்பட்ட பணம் மகளின் ரியூசன் கட்டணத்துக்குப் போனது. அயலில் கார் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஸ்பனர் செற் ஒன்று வாங்கினால் எல்லோருக்கும் உதவும்.

அடுத்த இதழில் ரேடியேற்றர் தண்ணீர் குறைவது பற்றிப் பார்ப்போம்.