காலியான ஸ்தானங்கள்

ஸ்ரீரங்கத்தின் சட்டசபை ஸ்தானம் 2014 செப்டம்பரில் காலியாயிற்று. 2015 பிப்ரவரி 13-ந் தேதியே உபதேர்தல் நடந்தேறிவிட்டது. அந்த அவசரத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் குடிநீரையும் சாக்கடையையும் கவனிக்க வேண்டிய திருச்சி மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலோ 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான்! ஐந்து வருஷ காலம் முடியுமுன்பே புதுத் தேர்தல் நடந்தாக வேண்டுமென்பது அரசியல் சட்டம். இங்கே ஐந்து வருஷத்துக்கு மேல் மன்றமே இல்லை. (அரங்கன் சேவைக்குக் காத்து நிற்பவர்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது!) அத்தனை காலமும் தனி அதிகாரியின் நிர்வாகம். அவர் திறமைசாலியாகவே இருக்கட்டும். தெருக்குழாய் வறண்ட அன்று, ‘நீர்தானே எங்கள் வோட்டை வாங்கினீர்?’ என்று அவரைக் கேட்க முடியுமா? 1994-ல் தன் முனிசிபாலிடியையே மாநகராட்சியில் கரைத்துவிட்ட ஸ்ரீரங்கத்துக்கு நஷ்டம் இரட்டிப்பு. 2022-ல் வந்த 65 கவுன்ஸிலர்களின் தவணை 2027-ல் முடிய வேண்டும். நேயர்கள் அந்த வருஷத்தை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்.