சலுகை யார் பெயரில்?

பதினோரு வருடமாக எங்கள் காரை ஓட்டுவது நான். ஆர்.சி. புத்தகமும் பாலிசியும் கணவர் பெயரில். ஐந்து வருடம் தொடர்ந்து க்ளெய்ம் கேட்காவிட்டால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. அந்த ‘நோ க்ளெய்ம் போனஸ்’ பாலிசிதாரருக்கே சேரும். என் நிதானத்துக்கு அவர் பெயரில் வரவு வைக்கிறார்கள். நாளை நானே ஒரு கார் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசு வைத்திருக்கும் கட்டணமோ எஞ்சினின் சிசியைத்தான் பார்க்கிறது.

உயர்நிலை ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களுக்குப் பிரீமியத்தைக் குறைக்கலாமா? குறைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சலுகை தேறியவரின் லைசென்ஸில் ஏற வேண்டும். அவள் எந்த வண்டிக்குப் பாலிசி எடுத்தாலும் கூடவே வர வேண்டும்.

பயிற்சிக்குப் பணமும் ஓய்வான ஞாயிற்றுக்கிழமையும் ஆண்களிடம்தானே இருக்கின்றன என்றாள் ஒரு தோழி. நியாயம்தான். தேர்வு வேண்டாமென்றால் மிஞ்சுவது கருவி. ஓட்டும் விதத்தைக் கண்காணித்துக் கட்டணம் வைக்கும் திட்டங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் அனுமதித்துவிட்டது. அதன் செயலி யாருடைய போனில் இருக்கும்? அம்மா வீட்டுக்கு நான் எப்போது போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்பதெல்லாம் யாருக்குப் போய்ச் சேரும்? தேர்வதிகாரி ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.