மூடின சீட்டுக்கு விலை ஐந்தரை

கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. லீவு நாள் மதியம். கரன்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. போனில் சார்ஜ் தீர்ந்த பேத்தி, அலமாரியிலிருந்து பழைய சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள்.

"தாத்தா, கோல்ஃப் ஆடலாமா?"

"கோல்ஃபா? அதுக்கு ஆத்தைத் தாண்டி நந்தனம் போகணுமே, கண்ணு!"

அடையாற்றுக்கு அந்தப் பக்கம், நந்தனத்தில் கோல்ஃப் மைதானம் இருப்பது உண்மைதான். ஆனால் பேத்தி சொன்னது சீட்டில் ஆடும் கோல்ஃப். மைதானத்தில் குறைவாக அடிப்பவர் ஜெயிப்பதுபோல, இதில் குறைந்த புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. அதனால்தான் அந்தப் பெயர்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு ஆறு சீட்டு. மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் கவிழ்த்து வைத்து, இரண்டை மட்டும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்தோ, திறந்து கிடக்கும் சீட்டிலிருந்தோ ஒன்றை எடுத்து, தன் ஆறில் ஒன்றை மாற்றலாம். கட்டிலிருந்து வந்தது பிடிக்காவிட்டால் அப்படியே போட்டுவிடலாம். ஆஸுக்கு 1, ராஜாவுக்கு 0, ராணிக்கும் ஜாக்கிக்கும் 10. இரண்டு வந்தால் யோகம், அதற்கு மைனஸ் 2. மற்றவற்றுக்கு அந்தந்த எண்தான் புள்ளி. மேலும் கீழும் ஒரே எண் ஜோடி சேர்ந்தால், அந்த இரண்டுக்கும் புள்ளியே கிடையாது. ஒருவருடைய ஆறும் திறந்துவிட்டால் அடுத்தவருக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

முதல் ஆட்டத்தில் தாத்தாவுக்குத் திறந்தது ஓர் ஒன்பது. ஜோடி சேர்த்துவிடலாம் என்று அதற்குக் கீழே இருந்த சீட்டைத் தொடாமல் காத்திருந்தார். நாலு வந்தது, போட்டார். மூணு வந்தது, அதையும் போட்டார்.

"மூணைப் போய் போடறீங்களே தாத்தா! மூடியிருக்கிற சீட்டு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் விட்டுவெச்சிருக்கேன்."

"எனக்கும் தெரியாது. ஆனா அதோட விலை தெரியும். ஐந்தரை."

அது பள்ளிக்கூடக் கணக்குதான். ஆஸிலிருந்து ராஜா வரை பதின்மூன்று சீட்டின் புள்ளிகளைக் கூட்டினால் 71. பதின்மூன்றால் வகுத்தால் சுமார் ஐந்தரை. மூடிய சீட்டு ஒவ்வொன்றும் சராசரியாக அவ்வளவு புள்ளி தரும். ஆகவே கையில் வந்தது ஐந்துக்குக் கீழே இருந்தால், மூடிய சீட்டைத் தூக்கிவிட்டு அதை வைப்பது லாபம். எட்டும் பத்தும் வந்தால் போட்டுவிடலாம். ஒரு தடவை தவறிப் போகலாம், கவிழ்ந்திருந்தது ராஜாவாகவே இருக்கலாம். ஆனால் நூறு தடவை ஆடினால் இந்த வழிதான் கைகொடுக்கும்.

தாத்தா காத்திருந்த ஒன்பதுக்கும் கணக்கு உண்டு. இரண்டு பேர் ஆடும்போது, ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து சீட்டு. தெரியாதது 47. அதில் மீதி ஒன்பது மூன்று. அடுத்த சீட்டு ஒன்பதாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஆறு சொச்சம். ஆறு முறை கட்டிலிருந்து எடுத்தாலும், அதில் ஒன்றாவது ஒன்பதாக இருக்க வாய்ப்பு சுமார் 34 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் எதிராளி ஆறையும் திறந்துவிடலாம். பேத்தி திறந்துவிட்டாள்.

"இவ்ளோ நேரம் வரலைன்னா, அடுத்தது அதுவாத்தானே இருக்கணும்?" என்றார் தாத்தா.

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பத்து சீட்டு வெளியே வந்தும் ஒன்பது வரவில்லை என்றால், மீதி 37-ல் மூன்று ஒன்பது. வாய்ப்பு ஆறிலிருந்து எட்டு சதவீதமாக ஏறுகிறது. கட்டுக்கு ஞாபகம் உண்டு. போன சீட்டு திரும்பி வராது. ரம்மி வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்று 1967-ல் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

ஆனால் கலைத்துப் போட்டதும் கட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

நாலாவது ஆட்டமும் தோற்றபோது தாத்தா சிரித்துக்கொண்டே, "நாலு தோத்தாச்சு, அஞ்சாவது எனக்குத்தான்" என்றார். பேத்தி சிரிக்கவில்லை.

"சித்தப்பாவும் இதைத்தான் தாத்தா சொல்லிட்டிருந்தார்."

தாத்தா சீட்டைக் கீழே வைத்தார். போனில் ரம்மி ஆடி, விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கி, கடைசியில் வண்டியை விற்ற மகன். வீட்டில் யாரும் பேசாத விஷயம்.

"அவனுக்கு நல்லா ஆட வரும், கண்ணு. சின்ன வயசுலேயே என்னை ஜெயிப்பான்."

"நல்லா ஆடினாலும் கணக்கு இடிக்குது தாத்தா." அவள் பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். சம திறமையுள்ள நாலு பேர், ஆளுக்கு 100 ரூபாய். ஆட்டம் நடத்துபவர் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டால், ஆட்டத்துக்கு 40 ரூபாய் வெளியே போகிறது. பத்து ஆட்டத்தில் 400. நாலு பேரும் மாறி மாறி ஜெயித்தாலும், சராசரியாக ஆளுக்கு 100 ரூபாய் காணாமல் போயிருக்கும். திறமை, எதிரே இருப்பவரிடமிருந்து பணத்தை வாங்கித் தரலாம். கமிஷனை அது திருப்பித் தராது.

தமிழ்நாட்டில் 2022-ல் ஆன்லைன் ரம்மிக்குத் தடைச் சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. சட்டம் கடையை மூடலாம். 'அடுத்தது எனக்குத்தான்' என்ற நினைப்பை நாம்தான் மூட வேண்டும்.

கரன்ட் வந்தது. பேத்தி எழுந்திருக்கவில்லை. தாத்தா கட்டைக் கலைத்தார்.

"ஞாயித்துக்கிழமை அவனையும் சாப்பிட வரச் சொல்லலாம். உன் கோல்ஃபை அவனுக்கும் சொல்லிக்கொடு. காசு கிடையாது. தோத்தவங்க காபி போடணும்."

"சரி தாத்தா. முதல்ல இந்த ஆட்டத்துக்கு நீங்க போடுங்க."