காதில் ஈயம், காதில் மெட்டல்

சாரல் பிடித்துவிட்டால் மேலகரத்தில் மாலையில் வெளியே நிற்க முடியாது. எங்கள் மாணவத் தோழர்கள் ஓர் அறையில் அடைந்துகொண்டு மெட்டல் கேட்பார்கள். ஒற்றைப் பாட்டு அல்ல, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதை சொல்லும் முழு ஆல்பம். ட்ரீம் தியேட்டர் குழு 1999இல் வெளியிட்ட 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' அப்படிப்பட்டது. முற்பிறவியில் நடந்த கொலையைத் தேடிப் போகும் ஒருவனின் கதை.

இது நமக்கு ஏன் பிடிக்கிறது? நம் வாழ்க்கை எப்போதும் துண்டாகவே சொல்லப்படுகிறது. ஒரு பெட்டிச் செய்தி, ஓர் எஃப்.ஐ.ஆர்., ஓர் இழப்பீட்டுத் தொகை, அவ்வளவுதான். ஒரு கதையை இடையில் வெட்டாமல் முழுதாகக் கேட்கச் சொல்லும் இசை நம்மை இழுப்பதில் வியப்பில்லை.

ஆனால் அது யாருடைய கதை என்றும் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் 1992இல் இந்திய வம்சாவளியினர் தொடங்கிய 'ருத்ரா' குழு, தன் இசையை 'வேத மெட்டல்' என்றே அழைக்கிறது. 2005, 2009, 2011 ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற பெயரில் அத்வைதத்தைக் கருவாக வைத்து மூன்று ஆல்பங்கள் தந்தார்கள். உறுமும் குரல், இடிக்கும் டிரம்ஸ், நடுவே சமஸ்கிருத மந்திரம். கேட்டால் உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை.

அதே பிரம்மவித்தைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வேதம் கேட்கும் சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். வேதவழியில் பிரம்மவித்தை பெறச் சூத்திரருக்கு உரிமையில்லை என்று பிரம்மசூத்திர உரையில் வாதிடும் சங்கரர், அந்த விதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார். சூத்திரருக்கே அந்தக் கதி என்றால், வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் நிலை என்ன? இன்று இயர்போனில் அது தடையின்றி நம் காதுக்குள் வருகிறது. அந்தக் குழுவின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் அந்தக் கதையில் ஈயம் விடுபட்டிருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முழுக் கதையை இசையில் சொல்வது நமக்குப் புதிதும் அல்ல. ஆடி அமாவாசைக்கு இங்கிருந்தும் வண்டி வண்டியாகச் சனம் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறது. அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. அவன்தான் வில்லுப்பாட்டின் முத்துப்பட்டன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணக்கப் பூணூலைக் கழற்றி, குடுமியை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்ற பார்ப்பான். கடைசியில் மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தான்.

இந்தக் கதையையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனர், சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் ஒட்டுப்போட்டார்கள். கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை அந்த இடைச்செருகலைச் சுட்டிக்காட்டினார். கதை நம் கையில் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவும் பறையும் ராக் இசையும் ஒரே மேடையில் நிற்கும் என்று காட்டியது. அடுத்த வேலை நம்முடையது. கிடார் தெரிந்த தோழர்களே, ஒட்டுப்போடாத முத்துப்பட்டனை ஒரு முழு ஆல்பமாகச் செய்யுங்கள். முதலில் வில்லுப்பாட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் அதில் சக்கிலியப் பெண்களாகவே பேசட்டும்.